அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள்

விண்டோஸ் 11 போட்ட லப்டொப் வைத்திருப்பவர்கள் ஒருதடவை செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் என்பதற்குள் அடியில் கிடக்கும் அபௌட்டுக்குப் போய், எடிஷன் என்ற வரியைப் பாருங்கோ. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வாங்கியதோ, கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸில் ஏற்றி வந்ததோ, என் கைக்கு வந்த புது லப்டொப்புகளில் பெரும்பாலானவற்றில் ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்றுதான் இருக்கிறது. வாங்கும்போது ராம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எவ்வளவு, பை இலவசமாகத் தருவினமோ என்றெல்லாம் துருவிக் கேட்கிறோம். இந்த வரியை மட்டும் ஆரும் கேட்பதில்லை.

மெனு, பொத்தான், அறிவிப்பு எல்லாம் ஒரே காட்சி மொழியில்தான் வரும் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். தமிழில் தட்டலாம், தமிழ்ப் பக்கங்களை வாசிக்கலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் இரண்டாவதாக ஒரு காட்சி மொழியைச் சேர்க்கப் போனால், உங்கள் உரிமம் ஒரு காட்சி மொழிக்கு மட்டுமே என்று ஒரு வரி வந்து நிற்கும். 2012 இல் விண்டோஸ் 8 வந்தபோது, குறிப்பிட்ட சில சந்தைகளில் புதுக் கணினியோடு மட்டும் கொடுப்பதற்கென்று தொடங்கிய பதிப்பு இது. 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிய நாடு எங்களுடையது. சிங்களம், தமிழ், இணைப்பு மொழியாக ஆங்கிலம் என்று பெயர்ப்பலகையில்கூட மூன்று மொழி எழுதுகிறோம். அந்த நாட்டில் ‘ஒரே மொழி’ விண்டோஸ் விற்கப்படுவது எனக்கு ஒருபோதும் சிரிப்பாகப் பட்டதில்லை.

நான் ஓய்வு நேரத்தில் கணினி அறைகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையம், ஒரு பாடசாலை. இரண்டிலும் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களின் காசில் வந்தவை. அங்கே சாதாரணதரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற ஒரு பெடியன் கேட்டான்: “அண்ணை, மெனுவைத் தமிழில மாத்தப் போனால் லைசென்ஸ் ஒண்டுக்குத்தான் எண்டு சொல்லுது. இதுக்குள்ள அந்த வசதி இல்லையோ, இல்லாட்டி இருக்கிறதைத் தரமாட்டினமோ?”

அவன் கேட்ட கேள்வியில் இரண்டாவது பாதிதான் சரி. இந்தப் பதிவு முழுக்க அதற்கான பதில்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, மைக்ரோசொஃப்ட்டின் கீழே விண்டோஸ் என்.டி., அதன் கீழே கரன்ட்வேர்ஷன் என்ற இடத்துக்குப் போனால் ‘எடிஷன்ஐடி’ என்று ஒரு பெறுமதி இருக்கும். சிங்கிள் லாங்குவேஜ் கணினியில் அதில் ‘கோர்சிங்கிள்லாங்குவேஜ்’ என்று எழுதியிருக்கும். கோர் என்பது ஹோம் பதிப்புக்கு அவர்களுடைய வீட்டுப் பெயர். அதற்குப் பக்கத்திலேயே ‘கொம்பொசிஷன்எடிஷன்ஐடி’ என்று இன்னொரு பெறுமதி. அதில் வெறுமனே ‘கோர்’. அதாவது இந்தக் கணினி எதனால் கட்டப்பட்டது என்று கேட்டால் ஹோம் என்கிறது, உன் பெயர் என்ன என்று கேட்டால் சிங்கிள் லாங்குவேஜ் என்கிறது. புரோ கணினியில் இதே இடத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பெயர் ‘புரொபெஷனல்’, கட்டப்பட்டது ‘என்டர்பிரைஸ்’. பெரிய கம்பனிகளுக்கு விற்கிற என்டர்பிரைஸின் உடம்பு புரோ வாங்கிய எல்லாரிடமும் இருக்கிறது.

அப்படியென்றால் எது தடுக்கிறது? அதே ரெஜிஸ்ட்ரியில் ‘புரொடக்ட்ஒப்ஷன்ஸ்’ என்ற இடத்தில் ‘புரொடக்ட்பொலிசி’ என்ற ஒரு பெறுமதி கிடக்கிறது. திறந்து பார்த்தால் இரும எண்களின் குப்பை மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரு நீண்ட பட்டியல். எத்தனை காட்சி மொழி அனுமதி, எந்த மொழிகள் அனுமதி, எவ்வளவு நினைவகம், எத்தனை புரொசசர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் பெறுமதியும் உண்டு. ஹோம் என்றால் 128 ஜிபி ராமோடு நிற்கும், புரோ 2 டெராபைட் வரை போகும். இந்த எல்லைகள் ஹார்ட்வெயரிலோ வேறு புரோகிராமிலோ இல்லை, பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸின் மற்றப் பகுதிகள் ஒரு காரியத்தைச் செய்ய முன்னர் கேர்னலிடம் போய் இந்தப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொள்கின்றன. அப்படிக் கேட்கிற ஃபங்ஷனின் பெயர் ‘என்டிகுவெரிலைசென்ஸ்வல்யூ’. விஸ்டா காலம் தொட்டு இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் முறையாக ஆவணப்படுத்தாத ஃபங்ஷன் அது. தோண்டிப் பார்த்தவர்கள் எழுதி வைத்ததால்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

மேல்மாடியும் சேர்த்துக் கட்டிய வீட்டை விற்றுவிட்டு, மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போடுகிற வியாபாரம் இது. ஹோம் பதிப்பில் குறூப் பொலிசி எடிட்டர் இல்லை என்பார்கள். ஆனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சேர்விசிங், அதற்குள் பக்கேஜஸ் என்று போய்ப் பாருங்கோ, குறூப் பொலிசிக்கான பொதிகள் ஹோம் கணினியிலேயே கிடக்கும். அவற்றை டிஸ்ம் என்கிற விண்டோஸ் கட்டளையால் சேர்த்துவிடுகிற சின்ன பட்ச் ஃபைல் ஒன்று பல வருடங்களாகக் கைமாறித் திரிகிறது. எங்கள் பக்கத்துக் கணினிப் பெடியளின் பென் ட்ரைவ்களிலும் அது இருக்கும்.

இது புதிசாக நடக்கிற கூத்தும் இல்லை. 1996 இல் விண்டோஸ் என்.டி. 4.0 வந்தது. வேர்க்ஸ்டேஷன், சேர்வர் என்று இரண்டு சாமான். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல நூறு டொலர். வேர்க்ஸ்டேஷன் இணைய சேவையகம் நடத்துவதற்கு ஒத்துவராது, சேர்வர் அதற்கென்றே செதுக்கப்பட்டது என்று மைக்ரோசொஃப்ட் சொன்னது. வேர்க்ஸ்டேஷனில் ஒரே நேரத்தில் பத்து இணைப்புக்கு மேல் கூடாது என்றும் உரிமத்தில் எழுதியது. மார்க் ருசினோவிச், ஆன்ட்ரூ ஷூல்மன் என்ற இரண்டு பேர் உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். கேர்னல் ஒன்றுதான். கணினி தொடங்கும்போது ரெஜிஸ்ட்ரியில் ‘புரொடக்ட்டைப்’ என்ற ஒரு பெறுமதியை வாசிக்கிறது. ‘வின்என்டி’ என்று இருந்தால் வேர்க்ஸ்டேஷனாக நடந்துகொள்ளும், ‘சேர்வர்என்டி’ என்று இருந்தால் சேர்வராக நடந்துகொள்ளும். அந்தச் சொல்லைத் தொட்டு மாற்ற முடியாதபடி கேர்னலே இரண்டு இழைகளை ஓடவிட்டுக் காவலுக்கு வைத்திருந்தது. நீங்கள் மாற்றினால் அவை திருப்பி மாற்றிவிட்டு, உரிமத்தை மீறுகிறீர்கள் என்று எச்சரிக்கையும் போடும். பிறகு அந்தக் காவலைச் சுற்றிப் போவதற்கு ‘என்டிசுவிட்ச்’ என்று ஒரு கருவியும் வந்தது.

ருசினோவிச்சின் கதை அதோடு முடியவில்லை. 2006 இல் அவருடைய கம்பனியை மைக்ரோசொஃப்ட்டே வாங்கியது. இன்றைக்கு அவர் அஷூரின் தலைமைத் தொழினுட்ப அலுவலர். பூட்டை ஆராய்ந்தவனையே வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள்தான். அந்த ‘புரொடக்ட்டைப்’ இருக்கிற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன அதே புரொடக்ட்ஒப்ஷன்ஸ். விண்டோஸ் 11 இலும் போய்ப் பாருங்கோ, 1996 இன் அந்தச் சொல் ‘வின்என்டி’ என்று அப்படியே குந்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே புரொடக்ட்பொலிசி. ஒரு சொல் நீண்டு பட்டியலாகிவிட்டது, இடம் மாறவில்லை.

ஷூல்மன் அதற்கு முன்னரே ஆவணப்படுத்தப்படாத டொஸ் பற்றி 1990 இலும், ஆவணப்படுத்தப்படாத விண்டோஸ் பற்றி 1992 இலும் சக எழுத்தாளர்களோடு சேர்ந்து தடித்த புத்தகங்கள் எழுதியவர். ஒரு கம்பனி தன்னுடைய புரோகிராம்களுக்கு மட்டும் தெரிந்த உள்வழிகளை வைத்துக்கொண்டு, வெளியாருக்கு வேறு வழியைக் காட்டுவது நியாயமா என்பதுதான் அந்தப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்த வழக்கு. அது பின்னர் உண்மையிலேயே வழக்காகிப் போனது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்து, சேர்வர்களோடு பேசுவதற்கு வேண்டிய இடைமுக விவரங்களை வெளியிடும்படி மைக்ரோசொஃப்ட்டுக்குக் கட்டளையிட்டது.

இதெல்லாம் உலகத்தில் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் எங்கே நின்றோம்? என்.டி. 4.0 வந்த வருடம் குடாநாட்டில் போரால் வந்த இடப்பெயர்வின் புழுதி அடங்கவில்லை, மின்சாரம் என்பதே பல இடங்களுக்கு நினைவு. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கணினிப் பெட்டிகள் லொறியில் வரத் தொடங்கின. வந்தவற்றில் எல்லாம் எக்ஸ்பி புரொபெஷனல். எக்ஸ்பி ஹோம் என்று ஒன்று உலகத்தில் விற்கப்பட்டது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. கொப்பி பண்ணிய சீடிக்கு எல்லாப் பதிப்பும் ஒரே விலை, பிறகேன் ஹோம்? அதே காலத்தில் தாய்லாந்திலும் மலேசியாவிலும் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்று ஒன்றை மைக்ரோசொஃப்ட் விற்றது. மூன்று புரோகிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்க விடாது. ஏழை நாட்டுக்காரன் நாலாவது புரோகிராம் திறந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதிப்பு என்கிற கேள்வி எங்களிடம் வந்தது, உரிமத்தோடு கூடிய லப்டொப்புகள் சாதாரணமாக வரத் தொடங்கிய பிறகுதான். நேர்மையான பொருள் வாங்கத் தொடங்கியபோதுதான் பூட்டையும் கண்டோம்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

பாடசாலைக்குக் கல்வி உரிமம் இருக்கிறது, ஆக அங்கே எடியுகேஷன் பதிப்பு போடலாம். சனசமூக நிலையத்துக்குத் தனியாகப் புரோ உரிமங்கள் வாங்கினோம். இரண்டுக்கும் வேண்டிய மற்றச் சாமான்கள் ஒன்றுதான்: ரங்கநாதன் விசைப்பலகை, தமிழ் எழுத்துருக்கள், பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிற கருவி (பாமினியை விடமாட்டோம் என்று அடம்பிடிக்கிற அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் இங்கே உண்டு), ஜியோஜிப்ரா, ஸ்க்ராட்ச், ட்ரைவர்கள். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து போடுவதற்கு மனிதனால் ஏலாது. ஆகவே ஒரு புரோ இமேஜைத் தயார்செய்து, அதிலிருந்து எடியுகேஷன் ஒன்றையும் பெறுவது என்று திட்டம்.

விண்டோஸ் இன்ஸ்டோல் பண்ணுகிற ஐ.எஸ்.ஓ.வுக்குள் ‘இன்ஸ்டோல்.விம்’ என்று ஒரு பெரிய கோப்பு இருக்கும். விம் என்பது விஸ்டாவோடு வந்த இமேஜ் வகை. ஒரே கோப்புக்குள் பல இமேஜ் இருக்கலாம். ஒரே மாதிரியான கோப்பு பத்து இமேஜில் இருந்தாலும் ஒருதடவைதான் சேமித்து வைக்கும். பொதுமக்கள் இறக்குகிற விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ.வில் ஹோம், சிங்கிள் லாங்குவேஜ், புரோ, எடியுகேஷன் என்று 11 பதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விரித்தால் 15 ஜிபிக்கு மேல் வரும், ஆனால் எல்லாம் சேர்ந்து ஆறேழு ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்கிடையில் வித்தியாசம் எவ்வளவு சொற்பம் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

இங்கே முதலில் வருகிற தொல்லை ஒன்றைச் சொல்லிவிட வேணும், ஏனென்றால் இதைக் கேட்டுத்தான் அதிகம் பேர் என்னிடம் வருகிறார்கள். புரோ உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, புது இன்ஸ்டோலுக்கு யூ.எஸ்.பி.யைப் போட்டால், எந்தப் பதிப்பு வேணும் என்று அது கேட்காது. நேரே சிங்கிள் லாங்குவேஜைப் போட்டு முடித்துவிடும். லப்டொப் செய்த கம்பனி மதர்போர்ட்டின் ஃபேர்ம்வெயருக்குள்ளேயே உரிமச் சாவியை எழுதி அனுப்பியிருக்கும். செட்டப் அதை வாசித்துவிட்டுத் தானே முடிவெடுக்கிறது. இதற்கு ஒளிவழி தேவையில்லை. யூ.எஸ்.பி.யின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் ‘பிட்’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்து, அதில் நீங்கள் வாங்கிய சாவியை எழுதினால் செட்டப் அதைத்தான் மதிக்கும். மைக்ரோசொஃப்ட்டே எழுதி வைத்திருக்கிற முறை. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் செட்டிங்ஸில் அக்டிவேஷனுக்குப் போய் புரோ சாவியைக் கொடுத்தால் போதும். சில நிமிடத்தில் பதிப்பு மாறிவிடும். ஒன்றும் இறக்காமலே மாறுகிறதைப் பார்த்தால், எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

இமேஜ் மட்டத்தில் பதிப்பு மாற்றுவதற்கும் முறையான கருவி உண்டு. பெயர் டிஸ்ம். இமேஜை ஒரு ஃபோல்டரில் மவுன்ட் பண்ணி, இதிலிருந்து எந்தெந்தப் பதிப்புக்குப் போகலாம் என்று கேட்டால் பட்டியல் தரும். புரோ இமேஜிடம் கேட்டால் எடியுகேஷன், புரோ எடியுகேஷன், புரோ ஃபொர் வேர்க்ஸ்டேஷன்ஸ், என்டர்பிரைஸ் எல்லாம் வரும். ‘செட்-எடிஷன்’ என்று ஒன்றைச் சொல்லி, கமிட் பண்ணினால் வேலை முடிந்தது. ஏறலாம், இறங்க ஏலாது. எடியுகேஷனாக்கியதைத் திரும்பவும் புரோவாக்க அந்தக் கட்டளை விடாது. ஆகவே மூல இமேஜுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் தொட வேணும்.

இவ்வளவும் ஆவணத்தில் இருக்கிறது. பிறகென்ன ஒளிவழி?

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சின்ன சி ஷார்ப் புரோகிராம். ட்ரைவர், எழுத்துரு, பதிப்பு எல்லாவற்றையும் ஒரு பொத்தானில் செய்து முடிக்கிற மாதிரி. புரோகிராமுக்குள்ளிருந்து டிஸ்ம் கட்டளையை ஓடவிட்டு, அது கக்குகிற எழுத்தை வரி வரியாக அறுத்து அர்த்தம் பிடிப்பது அருவருப்பான வேலை. அதற்குப் பதில், டிஸ்மின் உள்ளுறுப்பை நேரே கூப்பிடலாம். 2012 இல் விண்டோஸ் 8 காலத்திலேயே ‘டிஸ்ம்ஏபிஐ’ என்ற டி.எல்.எல்.லை வெளியிட்டு, இமேஜை மவுன்ட் பண்ண, ட்ரைவர் சேர்க்க, பொதி சேர்க்க, வசதியொன்றை இயக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் கொடுத்து, விளக்கமும் எழுதினார்கள். நல்ல விளக்கம், குறை சொல்ல ஏலாது. அதில் தேடித் தேடிப் பார்த்தேன், பதிப்பு மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இமேஜின் பதிப்பு என்ன என்று வாசிக்கலாம், மாற்ற முடியாது.

ஆனால் பவர்ஷெல்லில் ‘செட்-விண்டோஸ்எடிஷன்’ என்று ஒரு கட்டளை இருக்கிறதே? அதுவும் இதே டி.எல்.எல்.லைத்தானே கூப்பிட வேணும்? ஒரு டி.எல்.எல். வெளியே காட்டுகிற பெயர்களைப் பட்டியலிடக் கருவிகள் உண்டு. டிஸ்ம்ஏபிஐயைப் பட்டியலிட்டால், விளக்கத்தில் இருக்கிற பெயர்களோடு இன்னும் கொஞ்சம் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு அடையாளம்: பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு. அடிக்கோடு டிஸ்ம்கெட்கரன்ட்எடிஷன். அடிக்கோடு டிஸ்ம்செட்எடிஷன். ஹெடர் கோப்பில் இவை இல்லை, விளக்கப் பக்கத்தில் இல்லை. மைக்ரோசொஃப்ட்டின் சொந்த பவர்ஷெல் கட்டளைகளுக்காகத் திறந்து விட்ட பின்வாசல்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எத்தனை அளபுருக்கள், எந்த ஒழுங்கில், திருப்பித் தருவது என்ன என்று தெரியாமல் கூப்பிட்டால் புரோகிராம் அந்த இடத்திலேயே சரிந்து விழும். இங்கேதான் அவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு உதவி செய்திருக்கிறார்கள். பவர்ஷெல்லின் டிஸ்ம் மொடியூல் டொட்நெட்டில் எழுதப்பட்டது. டொட்நெட் கோப்பை ஐஎல்ஸ்பை மாதிரியான ஒரு கருவியில் திறந்தால், உள்ளே எந்த ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்ற அறிவிப்பு வரி சுத்தமாகத் தெரியும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இந்த அடிக்கோட்டு ஃபங்ஷன்களைப் பயன்படுத்துகிற ‘மனேஜ்ட் டிஸ்ம்’ என்ற திறந்த மூல நூலகம் ஒன்றும் கிட்ஹப்பில் இருக்கிறது. அதை எடுத்தும் பிழைக்கலாம்.

மற்றபடி வழமையான ஒழுங்குதான். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டு, டிஸ்மைத் தொடக்கி, இமேஜை மவுன்ட் பண்ணி, அதற்கு ஒரு செஷன் திறந்து, அந்த செஷனைக் கொடுத்து அடிக்கோட்டு ஃபங்ஷனைக் கூப்பிட வேணும். அது திருப்பித் தருகிற எழுத்துச்சரத்தின் நினைவகத்தை டிஸ்ம்டிலீட் என்பதைக் கூப்பிட்டு விடுவிக்க வேணும், டொட்நெட் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் ஒழுகும். முடிந்ததும் கமிட் பண்ணி அன்மவுன்ட். ஒரு விசயத்தை மட்டும் கவனியுங்கோ: விம்முக்குள் இருக்கிற இமேஜின் பெயர் தானாக மாறாது. உள்ளே எடியுகேஷன் ஆகிவிட்டது, செட்டப் திரையில் இன்னும் புரோ என்றே காட்டும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது புதுப் பெயரைக் கொடுத்து அதைத் திருத்தலாம்.

எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு ஏறலாம் என்ற சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்பினால், சேர்விசிங் ஃபோல்டருக்குள் எடிஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே ‘அப்கிரேட்மேட்ரிக்ஸ்’ என்ற எக்ஸ்.எம்.எல். கோப்பு. நோட்பாடில் திறந்து வாசிக்கலாம். வாசிக்க மட்டும், கையை வைக்காதீர்கள்.

இந்தப் பின்வாசலால் போவது சரியா என்று கேட்டால், என் தீர்ப்பு இரண்டு துண்டு. சொந்தக் கணினி அறைக்கு, உங்கள் கையாலேயே ஓடவிடுகிற புரோகிராம் என்றால் போகலாம். நாளைக்கு ஒரு அப்டேட்டில் அந்த ஃபங்ஷனின் அளபுரு ஒன்று கூடினால் உங்கள் புரோகிராம் விழும். விழுந்தால் நீங்களே பக்கத்தில் இருப்பீர்கள். ஆனால் பத்துக் கடைக்கு விற்கிற மென்பொருளை இதன்மேல் கட்டாதீர்கள். அதற்கு பவர்ஷெல் கட்டளையையே உள்ளிருந்து கூப்பிடுங்கோ. பவர்ஷெல் எழுத்தைக் கக்காது, ஒழுங்கான பொருளாகத் தரும், அறுக்கத் தேவையில்லை. கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். அடிக்கோட்டின் பொருத்தப்பாட்டைக் காப்பாற்றுகிற தலையிடி மைக்ரோசொஃப்ட்டுடையதாகிவிடும். நானும் கடைசியில் சனசமூக நிலையத்துக்குக் கொடுத்த புரோகிராமில் பவர்ஷெல்லைத்தான் வைத்தேன். அடிக்கோட்டு வழி என்னுடைய கணினியில் மட்டும் இருக்கிறது.

ஆவணப்படுத்தாமல் விட்டதில் மைக்ரோசொஃப்ட் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. ஒரு ஃபங்ஷனை எழுத்தில் போட்டுவிட்டால் இருபது வருடத்துக்கு அதை மாற்ற ஏலாது, மாற்றினால் உலகம் முழுக்க யாருடையதோ ஒரு புரோகிராம் உடையும். பதிப்புகளோ வருடத்துக்கு வருடம் அவர்களே கூட்டிக் குறைக்கிற சங்கதி. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டளை வரியிலும் பவர்ஷெல்லிலும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டு ஏபிஐயில் மட்டும் ஒளிப்பதில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கம் விளக்கம் எழுதச் சோம்பல்பட்டதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இப்போது எல்லாரும் குழப்பிக்கொள்கிற இடம். இமேஜின் பதிப்பை மாற்றுவது வேறு, அந்தப் பதிப்புக்கு உரிமம் இருப்பது வேறு. செட்-எடிஷன் முதலாவதைத்தான் செய்கிறது. உங்களிடம் சிங்கிள் லாங்குவேஜ் உரிமம் மட்டும் இருந்து, இமேஜை என்டர்பிரைஸ் ஆக்கிப் போட்டால், என்டர்பிரைஸ் வரும், அக்டிவேஷன் வராது. அதற்குப் பிறகு எங்கேயோ இறக்கிய அக்டிவேட்டரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது களவு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் மென்பொருளும் அடங்கும். சட்டத்தை விட்டாலும், முன்பின் தெரியாதவன் எழுதிய அக்டிவேட்டருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கொடுத்துப் பிள்ளைகள் பாவிக்கிற கணினியில் ஓடவிடுவது எவ்வளவு மடைத்தனம் என்று யோசியுங்கோ.

இந்தச் சபலம் இப்போது கூடியிருக்கிறது. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாத, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பழைய கணினிகள்தான் எங்கள் கணினி அறைகளில் அரைவாசி. விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது. ஆகவே ‘அண்ணை, ஐஓடி என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி.க்கு மாத்தினால் 2032 வரைக்கும் அப்டேட் வருமாமே’ என்று கேட்கிறார்கள். 2032 ஜனவரி வரை என்பது உண்மை. ஆனால் அந்தப் பதிப்பு காசு எடுக்கிற இயந்திரம், ஆஸ்பத்திரிக் கருவி மாதிரி ஒரே வேலைக்கென்று செய்த சாதனங்களுக்கு, செய்கிற கம்பனி வழியாக உரிமம் கொடுப்பது. பாடசாலையின் பழைய டெல் பெட்டிக்கு அந்த உரிமம் கடையில் கிடையாது. பழைய பெட்டிகளுக்கு நான் லினக்ஸ் மின்ட்டைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். அதில் பதிப்புப் பூட்டும் இல்லை, தமிழ் மெனுவுக்கு ஆரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. பிள்ளைகள் இரண்டு கிழமையில் பழகிவிடுகிறார்கள். பழக மாட்டேன் என்று நிற்பவர்கள் ஆசிரியர்கள்தான், என்னைக் கோபிக்கக்கூடாது.

புதுக் கணினிக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் காசு போகிற இடம் அது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து விலைமனு வரும்போது, அதில் விண்டோஸ் 11 என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கோ. ஹோமா, சிங்கிள் லாங்குவேஜா, புரோவா என்று எழுதித் தரச் சொல்லுங்கோ. பாடசாலை என்றால் கல்வி உரிமம் எடுக்க ஏலுமா என்று முதலில் விசாரியுங்கோ, பல தடவை அது மலிவு. வாங்கிய சாவிகளை ஒரு கொப்பியில் எழுதி, எந்த இயந்திரத்துக்கு எது என்று குறித்து, அதிபரின் அலுமாரியில் வையுங்கோ. கணினி பார்க்கிற பெடியன் வெளிநாடு போனதோடு சாவியும் போன பாடசாலைகள் எனக்குத் தெரியும். கடைக்காரர்களிடமும் கேட்கிறேன்: சிங்கிள் லாங்குவேஜ் போட்ட லப்டொப்பை விற்கும்போது, இதில் மெனுவைத் தமிழுக்கு மாற்ற முடியாது என்று வாயால் ஒரு வசனம் சொல்லி விற்றுவிடுங்கோ.